திருத்தமும் திரிபும்

நுழையும்முன்

பழைய தாள் ஒன்றை வருடியில் வைத்துக் கணினிக்குள் கொண்டுவருவது சில நொடிப் பணி. ஆனால், தாளில் இருந்த கோடும் திரையில் தெரியும் கோடும் ஒன்றுதானா என்று ஆராய்வது பெரும்பணி. தாளின் சுருக்கம், வைத்த கோணம், ஒளிவில்லையின் வளைவு ஆகியவை படிமத்தைத் திரித்துவிடும். அத்திரிபைக் களையும் அறிவு வட சென்னைக் கடற்கரைக்கு எவ்வாறு இன்றியமையாததாகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மாறிய கரை

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரை, தமிழகத்தில் மனிதரின் கைவேலையால் பெரிதும் உருமாறிய கரைகளுள் ஒன்று. 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்தின் கல்லணைகள் கடலுக்குள் எழத் தொடங்கின. 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் அவை கட்டி எழுப்பப்பட்டன.

கடலோர மணல் ஓரிடத்தில் தங்கியிருப்பதன்று. அலையும் நீரோட்டமும் அதனை ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. துறைமுகக் கல்லணைகள் அந்நகர்வைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்தது. மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை; ஆகவே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் கடல் நிலத்தை அரித்தது. குடியிருப்புகளைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கடலுக்குள் நீளும் கற்சுவர்களும் அமைக்கப்பட்டன. இவற்றை மக்கள் ‘தூண்டில் வளைவு’ என்று அழைக்கின்றனர்.

எண்ணூரில் கொசத்தலையாறு கடலோடு கலக்கிறது. அக்கழிமுகத்தைச் சூழ்ந்து அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் எழுந்தன. 2001-ஆம் ஆண்டு எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர் இக்கழிமுகத்தையும் கடலையும் நம்பி வாழ்பவர்கள்.

இக்கரையில் கடல் எவ்வளவு தூரம் முன்னேறியது? ஆற்றின் வாய் முன்பு எங்கிருந்தது? எது நீர்ப்பரப்பு, எது நிலம்? இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் முதன்மைச் சான்றுகள் பழைய நிலவரைபடங்களே ஆகும். அவற்றை வருடிப் படிமமாக்கி, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்த்தே ஆய்வாளர் கரையின் மாற்றத்தை அளக்கின்றனர். படிமத்தில் திரிபு இருந்தால் அளவிலும் பிழை நேரும்.

திரிபின் தோற்றுவாய்கள்

திரிபு மூன்று இடங்களில் தோன்றுகிறது. முதலாவது, தாள். தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்து சுருங்கும். தாளின் இழைகள் செல்லும் திசையில் மாற்றம் குறைவாகவும், அதற்குக் குறுக்கே மிகுதியாகவும் இருக்கும். எனவே, நெடுங்காலம் கிடந்து சுருங்கிய தாள் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்கியிருப்பதில்லை, சதுரம் செவ்வகமாகிவிடும். மடித்து வைத்த வரைபடத்தில் மடிப்பையொட்டிய கோடுகள் இடம் பெயர்ந்து நிற்கும்.

இரண்டாவது, கருவி. கண்ணாடிப் பரப்புடைய வருடியில் தாள் சாய்வாக வைக்கப்பட்டால் படிமமும் சாயும். கட்டமைத்த நூலை அதன்மேல் வைத்தால், முதுகுப்புறத்தை ஒட்டிய பகுதி கண்ணாடியைத் தொடாமல் மேலெழும். அங்கு எழுத்தும் கோடும் வளைந்து, நிழல் படிந்து தோன்றும். பெரிய தாளை உருளைகள் இழுத்துச் செல்லும் வருடியில், இழுப்பு சீராக இல்லையெனில் படிமம் ஒரு திசையில் மட்டும் நீளும் அல்லது குறுகும்.

மூன்றாவது, ஒளிவில்லை. பெரிய வரைபடங்களை ஒளிப்படக்கருவியால் எடுப்பதும் உண்டு. அப்போது விளிம்பை ஒட்டிய நேர்க்கோடு பீப்பாயின் பக்கம் போல வெளிப்புறம் புடைக்கலாம். அல்லது உட்புறம் குழியலாம். ஒளிப்படக்கருவி தாளுக்கு நேர் எதிரே நில்லாமல் சாய்ந்திருந்தால், அருகிலுள்ள பக்கம் அகன்றும் தொலைவிலுள்ள பக்கம் குறுகியும் தோன்றும். செவ்வகத் தாள் சரிவகமாகிவிடும்.

சிறு பிழையும் பெரு விளைவும்

திரையில் கண்ணுக்குத் தெரியாத பிழை தரையில் எவ்வளவாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் வரைபடங்கள் இந்திய நில அளவையில் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. அதன் அளவை விகிதம் 1:63,360 ஆகும். அதாவது, தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் ஏறத்தாழ 63 மீட்டர்.

இத்தகைய தாளை அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் என்ற செறிவில் வருடினால், ஒரு படப்புள்ளி தரையில் ஏறத்தாழ 5.4 மீட்டரைக் குறிக்கும். பத்து மைல் நீளமுள்ள கரை அத்தாளில் பத்து அங்குலக் கோடாக இருக்கும். தாள் நூற்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தால், அக்கோட்டின் மறுமுனை தரைக்கணக்கில் 161 மீட்டர் தள்ளிப்போகும். தாளை வருடியில் ஒரே ஒரு பாகை சாய்த்து வைத்தால், பத்து மைலுக்கு அப்பாலுள்ள முனை ஏறத்தாழ 280 மீட்டர் பக்கவாட்டில் விலகும்.

கடலோர ஒழுங்குமுறை குறித்து 1991-ஆம் ஆண்டு வெளியான அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 500 மீட்டரை வைத்து நிலத்தின் தன்மை முடிவு செய்யப்படும் இடத்தில், 280 மீட்டர் பிழை என்பது சிறிதன்று. கடல் அரிக்காத நிலம் அரித்ததாகத் தோன்றலாம். ஊரை இழந்தவர்களின் இழப்பு கணக்கில் வராமலும் போகலாம்.

திருத்தும் முறை

திருத்தப் பணி வருடுவதற்கு முன்பே தொடங்குகிறது. தாளை மெல்லப் பிரித்துச் சமன்படுத்தல், கண்ணாடியைத் துடைத்தல், தாளின் ஓரத்தில் ஓர் அளவுகோலை உடன் வைத்து வருடுதல் ஆகியவை முதற்படிகள். உடன் வைத்த அளவுகோல், கருவி நீட்டியதா குறுக்கியதா என்பதைப் பின்னர்க் காட்டிக்கொடுக்கும். படிமத்தைத் தரம் குறையாத ‘டிஃப்’ வடிவில் சேமித்தல் வேண்டும்.

அடுத்து, படத்தொகுப்பு மென்பொருளில் எளிய திரிபுகள் களையப்படுகின்றன. ஃபோட்டோஷாப், கட்டணமில்லாக் ‘கிம்ப்’ போன்ற மென்பொருள்களில் இதற்குரிய கருவிகள் உள்ளன. நேராக இருக்கவேண்டிய சட்டக்கோடு ஒன்றின் சாய்வை அளந்து, அதே அளவு எதிர்த்திசையில் சுழற்றினால் சாய்வு நீங்கும். நான்கு மூலைகளையும் செவ்வகத்தின் மூலைகளாக இழுத்தமைத்தால் சரிவகத் திரிபு நீங்கும். ஒளிவில்லைத் திரிபை நீக்க, விளிம்புக்கோடுகள் நேராகும் வரை எதிர்வளைவு கொடுக்கப்படும். இவற்றுள் வில்லைத் திரிபை முதலிலும் சாய்வை அடுத்தும் திருத்துவதே முறை. வளைந்த கோட்டின் சாய்வைத் துல்லியமாக அளக்க இயலாதன்றோ!

இவ்வளவு செய்தபின் படிமம் கண்ணுக்கு நேராகத் தோன்றும். ஆயினும், அது பூமியோடு பொருந்திவிட்டது என்று பொருளாகாது. அதற்குக் கியூஜிஐஎஸ் போன்ற புவித்தகவல் மென்பொருள் தேவை. படிமத்திலும் இன்றைய நிலத்திலும் ஐயமின்றி அடையாளம் காணத்தக்க இடங்களைத் தேர்ந்து, இரண்டையும் இணைக்கின்றனர். இவ்விடங்கள் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எனப்படும்.

இக்கருத்து கடலோர மக்களுக்குப் புதிதன்று. கரையில் உயர்ந்து தெரியும் கோபுரம், மரம், குன்று போன்ற அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்ப்படுத்திக் கடலில் தாம் நிற்கும் இடத்தை அறிவது மீனவர்களின் நெடுநாள் வழக்கம். நிலையான புள்ளிகளைக்கொண்டு நிலையற்றதன் இடத்தை அறிதல் என்னும் அதே நெறியே இங்கும் பின்பற்றப்படுகிறது.

வட சென்னையில் அத்தகைய நிலையான புள்ளிகள் பல உள்ளன. இராயபுரம் தொடர்வண்டி நிலையக் கட்டடம், இராயபுரத்தின் புனித பேதுரு தேவாலயம், தேவாரப் பாடல் பெற்ற திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் கல்மதில் ஆகியவை இடம் பெயராதவை. சாலை வளைவும் ஆற்றின் கரையும் இதற்கு ஏற்றவையல்ல. அவை காலந்தோறும் மாறக்கூடியவை. எது மாறியது என்று அறிய முயல்கிறோமோ, அதையே கட்டுப்பாட்டுப் புள்ளியாகக் கொள்ளுதல் தகாது.

எத்தனை புள்ளிகள் தேவை என்பது திரிபின் தன்மையைப் பொறுத்தது. சாய்வும் இரு திசைகளில் வெவ்வேறான சுருக்கமும் மட்டும் இருப்பின், மூன்று புள்ளிகள் கணக்கிடப் போதுமானவை. சரிவகத் திரிபுக்கு நான்கு வேண்டும். வளைவுகளைத் திருத்தும் இரண்டாம்படிச் சமன்பாட்டிற்கு ஆறு வேண்டும். இவை குறைந்த அளவுகளே. குறைந்த அளவுப் புள்ளிகளை மட்டும் வைத்தால், ஒன்று தவறாயினும் மென்பொருள் அதனைக் காட்டாது. படிமத்தையே தவறான புள்ளிக்கு ஏற்ப வளைத்துவிடும். மிகுதியான புள்ளிகள் இருந்தால்தான், அவற்றுள் எது மற்றவற்றோடு ஒத்துவரவில்லை என்பது புலப்படும். இவ்வொவ்வாமையின் அளவை எச்சப்பிழை என்பர்.

தெரியுமா?

பழைய வரைபடத்தில் அச்சிட்ட தீர்க்கரேகையை அப்படியே நம்பிப் பொருத்தினால் பெரும்பிழை நேரும். இந்திய நில அளவையின் தீர்க்கரேகைகள் நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவ்வானாய்வகத்திற்கு முன்னாளில் கொள்ளப்பட்ட தீர்க்கரேகை மதிப்பு, உண்மையைவிட ஏறத்தாழ இரண்டரைக் கலை மிகுதி என்பது பின்னர்த் தெரியவந்தது. அறுபது கலை ஒரு பாகை. சென்னையின் இருப்பிடத்தில் இரண்டரைக் கலை என்பது நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. அதனைக் கழிக்காமல் பொருத்தினால் இராயபுரம் நிலையம் கடலுக்குள் நிற்கும்!

கடலில் புள்ளியில்லை

கடற்கரை வரைபடங்களைத் திருத்துவதில் தனித்ததொரு இடர் உண்டு. கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகும் கட்டடங்கள் யாவும் நிலத்தில், அதாவது கரைக்கு மேற்கே உள்ளன. கிழக்கே விரிகடல், அங்குப் புள்ளி வைக்க ஏதுமில்லை. புள்ளிகள் சூழ்ந்த பகுதிக்குள் திருத்தம் நம்பத்தக்கதாக இருக்கும். அதற்கு வெளியே செல்லச்செல்லப் பிழை பெருகும். கரைக்கோடு அந்த விளிம்பில்தான் அமைந்திருக்கிறது. எந்தக் கோட்டைத் துல்லியமாக அறியவேண்டுமோ, அந்தக் கோட்டிலேயே திருத்தம் தளர்ந்து நிற்கிறது.

இவ்விடரை முற்றும் நீக்க இயலாவிடினும் குறைக்கலாம். கரைக்கு மிக அருகிலுள்ள பழங்கட்டடங்களைப் புள்ளிகளாகக் கொள்ளலாம். துறைமுகக் கல்லணையில் மாற்றப்படாத பகுதி எது என்று உறுதி செய்துகொண்டு, அதனைக் கடற்பக்கப் புள்ளியாக்கலாம். மிகுந்த வளைவைத் தரும் உயர்படிச் சமன்பாடுகளைத் தவிர்க்கலாம். ஏனெனில் அவை புள்ளிகளுக்கு இடையே அழகாகப் பொருந்தி, விளிம்பில் கட்டுக்கடங்காமல் வளைவன. தெரிந்த புள்ளிகளுள் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, திருத்தம் முடிந்தபின் அவை உரிய இடத்தில் விழுகின்றனவா என்று சோதிக்கலாம். எச்சப்பிழை சுழி என்று மென்பொருள் காட்டினாலும், இச்சோதனையில் தேறாத திருத்தம் ஏற்கத்தக்கதன்று.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. கடல் நாள்தோறும் ஏறியிறங்குவது. பழைய வரைபடம் உயர் ஓதக் கோட்டை வரைந்ததா, தாழ் ஓதக் கோட்டை வரைந்ததா என்று அறியாமல், இன்றைய படத்தோடு அதனை ஒப்பிடுதல் கூடாது.

அண்டையின் சான்று

1996-ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடம், எண்ணூர்க் கழிமுகத்தை நீர்ப்பரப்பாகக் காட்டியது. 2017-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி வெளிவந்த வேறொரு வரைபடத்தில் அக்கழிமுகம் இடம்பெறவில்லை. இரு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் இவ்வேறுபாட்டைக் கண்டனர், பொதுவெளியில் சுட்டிக்காட்டினர். நீர் ஓடுகிறது, படகு செல்கிறது, மீன் கிடைக்கிறது. ஆனால் தாளில் ஆறில்லை.

இத்தகைய வேறுபாடு வருடியின் திரிபால் நேர்ந்ததாக இருக்கலாமா என்று வினவலாம். இதற்கு விடை காணத் திரிபின் இயல்பே உதவுகிறது. சுருக்கமும் சாய்வும் வளைவும் ஒரு பொருளை மட்டும் தேடிப்பிடித்து மாற்றுவதில்லை. ஆறு நகர்ந்தால் அதன் அருகிலுள்ள சாலையும் கால்வாயும் ஊரும் அதே திசையில், ஏறத்தாழ அதே அளவில் நகரும். அண்டையிலுள்ள யாவும் தத்தம் இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் மறைந்திருப்பின் அது கருவியின் திரிபன்று. நிலத்திலேயே அது மாறியிருக்கவேண்டும். அல்லது வரைபடத்தில் அது வரையப்படாமல் விடப்பட்டிருக்கவேண்டும். நிலம் மாறவில்லை என்பதை நேரில் சென்று காணலாம்.

எனவே, திரிபைத் திருத்தக் கற்றவர், திரிபு எதனைச் செய்யாது என்பதையும் அறிந்தவராகிறார். ‘படிமம் தெளிவில்லை’ என்ற விடையால் அவரை நிறைவுசெய்ய இயலாது.

திருத்தத்தின் அறம்

படத்தொகுப்பு மென்பொருள் இருமுனைக் கத்தி போன்றது. சாய்ந்த தாளை நிமிர்த்தும் அதே மென்பொருள், ஓரிடத்து நிறத்தை நகலெடுத்து மற்றோரிடத்தில் பூசி ஓர் ஆற்றையும் மறைத்துவிடும். ஆகவே திருத்தம் எங்கே முடிகிறது, திரிபு எங்கே தொடங்குகிறது என்பதை வரையறுத்தல் தேவையாகிறது.

உள்ளதை உரிய இடத்தில் நிறுத்துவது திருத்தம். இல்லாததைச் சேர்ப்பதும் உள்ளதை நீக்குவதும் திரிபு. கிழிந்துபோன மூலையைக் கற்பனையால் நிறைத்தல் அழகுக்கு உதவலாம், சான்றுக்கு உதவாது. அந்த இடம் வெற்றிடமாகவே இருத்தல் வேண்டும்.

தமிழ்ப் பதிப்புலகம் இந்நெறியை நன்கறியும். புறநானூற்றின் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. 1894-ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சா., கிடைக்காத இடங்களைத் தம் புலமையால் இட்டு நிரப்பவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கினார். வேறுபடும் பாடங்களைக் குறித்தார். இழந்ததை இழந்ததாகவே விட்டார். அதனால்தான் அப்பதிப்பு நம்பத்தக்கதாயிற்று. ஏட்டிற்குப் பொருந்தும் அந்நெறி வரைபடத்திற்கும் பொருந்தும்.

முதல் படிமத்தை ஒருபோதும் மாற்றாமல் தனியே காத்தல், எல்லாத் திருத்தங்களையும் அதன் நகலில் மட்டுமே செய்தல், எந்தப் புள்ளிகள், எந்தச் சமன்பாடு, எவ்வளவு எச்சப்பிழை என்பவற்றை எழுதிவைத்தல் ஆகிய மூன்றும் இத்துறையின் அடிப்படை நெறிகள். வேறொருவர் அதே தாளை எடுத்து, அதே புள்ளிகளை வைத்து, அதே முடிவை அடைய இயலவேண்டும். அவ்வாறு இயலாத திருத்தம், எவ்வளவு நேர்த்தியாகத் தோன்றினும் சான்றாகாது.

நிலத்தில் எந்த ஊர் நிற்கும், எந்த நீர் ஓடும் என்பதை இன்று வரைபடக் கோடுகள் முடிவு செய்கின்றன. அக்கோடுகளைப் படிக்கவும் சோதிக்கவும் தெரிந்தவர்கள் கரையில் வாழும் மக்களிடையிலிருந்தே தோன்றவேண்டும். அதற்கான மென்பொருள்களுள் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ பயிலும் மாணவர் ஒருவர் தம் ஊரின் பழைய வரைபடம் ஒன்றைத் திருத்திப் பொருத்துவாராயின், அவர் தம் கரையின் வரலாற்றுக்கு ஒரு சான்றைச் சேர்த்தவராவார்.

சொல்லும் பொருளும்

வருடி – ஸ்கேனர். படிமம் – வருடிப் பெறப்பட்ட உருவம். படப்புள்ளி – பிக்சல். ஓதம் – கடலின் ஏற்ற இறக்கம். கழிமுகம் – ஆறு கடலோடு கலக்குமிடம். கலை – பாகையில் அறுபதில் ஒரு பங்கு. சரிவகம் – ஓரிணைப் பக்கங்கள் மட்டும் இணையான நாற்கரம்.

இலக்கணக் குறிப்பு

விரிகடல் – வினைத்தொகை
சுருங்கிய தாள் – பெயரெச்சம்
தேறாத திருத்தம் – எதிர்மறைப் பெயரெச்சம்
செல்லச்செல்ல – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

கண்டனர் – காண்(கண்) + ட் + அன் + அர்
காண் – பகுதி (கண் எனக் குறுகியது விகாரம்), ட் – இறந்தகால இடைநிலை, அன் – சாரியை, அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்

1. பள்ளியிலுள்ள பழைய வரைபடம் ஒன்றை அளவுகோலுடன் வருடி, அதன் சாய்வை அளந்து திருத்துக. திருத்தும் முன்னும் பின்னும் உள்ள அளவுகளை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊரில் நூறாண்டுகளாக இடம் மாறாத ஐந்து கட்டடங்களைக் கண்டறிந்து, அவை கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகத் தகுமா என வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. கட்டுப்பாட்டுப் புள்ளி என்றால் என்ன?
2. ஆற்றின் கரையைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாகக் கொள்ளுதல் ஏன் தகாது?

சிறுவினா
1. கடற்கரை வரைபடத்தைத் திருத்துவதிலுள்ள தனித்த இடரையும் அதனைக் குறைக்கும் வழிகளையும் எழுதுக.
2. 1:63,360 அளவையுள்ள வரைபடத்தில் 2 மில்லிமீட்டர் பிழை தரையில் எத்தனை மீட்டராகும்? கணக்கிட்டு விளக்குக.

நெடுவினா
‘உள்ளதை உரிய இடத்தில் நிறுத்துவது திருத்தம், இல்லாததைச் சேர்ப்பதும் உள்ளதை நீக்குவதும் திரிபு’ – இக்கூற்றை எண்ணூர் வரைபடங்கள், சுவடிப் பதிப்பு ஆகியவற்றைச் சான்றாகக்கொண்டு நிறுவுக.